பதினான்காம் பாதையில் உட்கார்ந்தவள்

இசக்கியம்மாளின் வலது குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் வலித்தது. ஆறரை மணி நேரமாக நிற்கிறாள். முதல் இரண்டு மணி நேரம் கால் நம் பேச்சைக் கேட்கும். அடுத்த இரண்டு மணி நேரம் முனகிக்கொண்டே கேட்கும். அதற்கப்புறம் கால் என்று ஒன்று இருப்பதே வலிப்பதற்குத்தான் என்று ஆகிவிடும். காலை ஆறு மணிக்குப் பதினான்காம் பாதையின் நடுவில் வந்து நின்றவள் மதியம் இரண்டு மணிவரை அங்கேயே நிற்க வேண்டும். அதுதான் அவள் பிழைப்பு.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய புது கன்டெய்னர் யார்டு அது. டிரைவர் இல்லாத நாற்பது வண்டிகள். ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். நான்கு நெட்டைக் கால்கள், அவற்றின் அடியில் ஆள் உயரச் சக்கரங்கள். கன்டெய்னரை வயிற்றில் கவ்விக்கொண்டு பாதையோடு ஓடும். கம்பெனி அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது. யார்டில் எல்லாருக்கும் அது கொக்கு.

நான்கு நிமிடத்துக்கு ஒரு கொக்கு அவளை நோக்கி வரும். பன்னிரண்டு மீட்டரில் வேகம் குறையும். எட்டு மீட்டரில் நிற்கும். சற்று யோசிப்பதுபோல் இருந்துவிட்டுப் பின்வாங்கி வேறு பாதைக்குப் போகும். அவளிடமிருந்து ஐந்து மீட்டரில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். கொக்கு அந்தக் கோட்டைத் தாண்டினால் சோதனை தோல்வி. காலையிலிருந்து தொண்ணூற்றுச் சொச்சம் முறை வந்துவிட்டது. ஒன்றுகூடக் கோட்டுப் பக்கம் வரவில்லை.

பாதைக்கு வெளியே இரும்புத் தடுப்புக்குப் பின்னால் லூர்து அண்ணாச்சி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒயர் போட்ட ஒரு சுவிட்ச். அமுக்கினால் நாற்பது கொக்குகளும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஐம்பத்தெட்டு வயது, பழைய துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் மூட்டை தூக்கியவர். நான்கு வருஷமாக இசக்கி நிற்கிற இடத்திலெல்லாம் அவர்தான் காவல்.

"என்ன பிள்ள, ஒத்தக் காலத் தூக்கித் தூக்கி வைக்க. நீயும் கொக்காயிட்டியா?"

"வாயப் பொத்திக்கிட்டு சுவிட்சப் பாருங்க அண்ணாச்சி."

"சுவிட்சு எங்க ஓடிரப் போவுது. காலைலேருந்து ஒரு தடவ அமுக்க விட்டியளா, நீயும் இந்த எழவெடுத்த வண்டியும். எனக்குக் கட்டைவிரல் மரத்துப்போச்சு."

இப்படி ஒரு தொழில் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு இசக்கி ஒரே மாதிரிதான் பதில் சொல்வாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் வடநாட்டில் ஒரு யார்டில் டிரைவர் இல்லாத வண்டி மூன்று பேரை அரைத்துவிட்டது. அதன் சாஃப்ட்வேரைச் சரி என்று சொன்னது யார் என்று விசாரித்தால் ஒருத்தன் பெயரும் கிடைக்கவில்லை. எல்லாம் கமிட்டி, எல்லாம் சர்ட்டிபிகேட். சர்க்கார் கோபத்தில் ஒரு விதி போட்டது. பாதுகாப்பு சாஃப்ட்வேரைச் சரி என்று எவன் கையெழுத்துப் போடுகிறானோ, அவன் எட்டு மணி நேரம் அந்த எந்திரத்தின் பாதையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

முதல் இரண்டு வருஷம் கம்பெனி என்ஜினியர்களே நின்றார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. நெஞ்சை நிமிர்த்தி, மஞ்சள் ஜாக்கெட்டோடு, கையைக் கட்டிக்கொண்டு. உள்ளதைச் சொன்னால் அந்த இரண்டு வருஷத்தில் சாஃப்ட்வேர் நன்றாகத்தான் ஆனது. நாளைக்கு நாம் முன்னால் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தவன் புரோகிராம் எழுதுகிற விதமே வேறு. அப்புறம் என்ஜினியர்கள் வீட்டில் அழுகை, சண்டை. கம்பெனிகள் வழி கண்டுபிடித்தன. கையெழுத்தையும் நிற்பதையும் சேர்த்து கான்ட்ராக்டில் விட்டார்கள். இன்றைக்குத் தென்னாட்டு யார்டுகள் அத்தனைக்கும் நிற்கிறவர்கள் நாற்பது, நாற்பத்தைந்து பேர். பாதிப் பேர் மூன்று வாரக் கோர்ஸ் முடித்துவிட்டு வந்தவர்கள். எந்திரம் தன் நடப்பை எழுதிவைக்கும் லாக் என்றால் என்னவென்று தெரியாது. நிற்கத் தெரியும்.

இசக்கி அப்படியில்லை. உப்பளத்தில் வாரியவர்கள் பெற்ற பிள்ளை. வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ முடித்து, ரயில் சிக்னல், ஆஸ்பத்திரி மருந்துப் பம்பு, லிஃப்ட் என்று பதினோரு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டராக ஓடியவள். எந்திரம் எழுதும் லாக்கைப் பேப்பர் படிப்பதுபோல் படிப்பாள். இரண்டு மாதம் மேசையில் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் வந்து நிற்பாள். அதனால்தான் அவள் கையெழுத்துக்கு மரியாதை.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நிற்கிறவர் உட்காரக் கூடாது. விதியில் அப்படி இல்லை; அந்த முதல் என்ஜினியர்கள் வீம்புக்கு நின்றார்கள், அதுவே வழக்கமாகி, கம்பெனி பாரங்களில் 'நின்ற நிலை' என்று டிக் அடிக்கக் கட்டமும் வந்துவிட்டது. சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்பார்கள். இசக்கியும் ஆறு யார்டுகளில் அப்படித்தான் நின்றிருக்கிறாள்.

மணி பன்னிரண்டே முக்கால். மஞ்சள் ஜாக்கெட்டும் தலையில் துண்டும் போட்டிருந்தாள். தரை கொதித்தது. குதிகால் வலி முழங்காலுக்கு ஏறியபோது அவள் எதையும் யோசிக்கவில்லை. வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அப்படியே குந்தி உட்கார்ந்து, குதிகாலை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கத் தொடங்கினாள். உப்பளத்தில் நாற்காலி கிடையாது. மரம் கிடையாது. அவள் அம்மா ஆயுசு முழுக்க ஓய்வெடுத்தது இப்படித்தான், தன் நிழலில் தானே குந்தி. களைத்தால் உடம்பு தெரிந்ததைத்தான் செய்யும்.

கொக்கு வருகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்ணூறு தடவை நின்றது இப்போதும் நிற்கும்.

"ஏட்டி" என்று அண்ணாச்சி கத்தியதும் சைரன் அலறியதும் ஒன்றாகக் கேட்டன. யார்டு முழுக்கச் சக்கரங்கள் இறுகி நிற்கிற கிறீச்சல். இசக்கி திரும்பினாள். கொக்கு ஆறு மீட்டர் தள்ளி நின்றிருந்தது. கோட்டைத் தொடவில்லை.

அண்ணாச்சி தடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"வேகத்தக் குறைக்கவே இல்ல பிள்ள. பன்னெண்டு தாண்டிருச்சு, பத்து தாண்டிருச்சு. அது ஒன்னப் பாக்கவே இல்ல."

*

யார்டின் பாதுகாப்பு மேனேஜர் பத்ரிநாத்தின் அறையில் ஏ.சி. ஓடியது. சென்னைக்காரர், நாற்பது வயதிருக்கும். கெட்டவர் இல்லை. யார்டு திங்கட்கிழமை திறக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் யோசிக்க நேரமில்லாதவர்.

"மேடம், நீங்க உட்கார்ந்துட்டீங்க. பாரத்துல நின்ற நிலைன்னு இருக்கு. அதனால இந்த டெஸ்ட் செல்லாது. நாளைக்கு இன்னொரு தடவ நின்னுடுங்க. முடிஞ்சது."

"அது ஏன் நிக்கலன்னு பாக்க வேண்டாமா?"

"நின்னிருக்கும். ஐயா ஒன்பது மீட்டர்லயே சுவிட்ச அமுக்கிட்டார். வண்டி கோட்டுக்கே வரல. அதுக்கு வாய்ப்பே கொடுக்காம, நிக்கலன்னு எப்படிச் சொல்றீங்க?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். சட்டப்படி அது சரிதான். கோட்டைத் தாண்டினால்தான் தோல்வி. அதற்கு முன்னால் சுவிட்சை அமுக்கினால் காவலின் அவசரம் என்றுதான் எழுதுவார்கள்.

"லாக்கக் காட்டுங்க" என்றாள் இசக்கி.

அவர் திரையைத் திருப்பினார். அவள் வரிகளைக் கீழே தள்ளிக்கொண்டே வந்து, பன்னிரண்டு நாற்பத்தேழில் நிறுத்தி, விரலை வைத்தாள். அந்த வரியில் எந்திரம் தன் முன்னால் இருப்பது என்ன என்று எழுதியிருந்தது. மூட்டை. உறுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

"மூட்டையா?" என்றார் அண்ணாச்சி. "நாந்தான் மூட்ட தூக்குனேன். இவ எப்ப மூட்டையானா?"

"யார்டுல சாக்கு, தார்ப்பாய் எல்லாம் காத்துல பறந்து வந்து விழும் அண்ணாச்சி. பழைய வண்டி ஒவ்வொரு சாக்குக்கும் நின்னுச்சு. வேலையே ஓடல. அதனால தாழ்வா, மெத்துன்னு கெடக்கறதுக்கெல்லாம் நிக்காதன்னு சொல்லிக் குடுத்தாங்க. ஏறிப் போயிரும்."

"மனுசன எப்படி அடையாளம் பாக்கும்?"

"யாரும் எழுதி வைக்கல. ஆயிரக்கணக்கான மணி நேரம் படம் காட்டிப் பழக்கறாங்க. இது மனுசன், இது மனுசன்னு." இசக்கி பத்ரிநாத்தைப் பார்த்தாள். "அந்தப் படம் எங்கேருந்து எடுக்கீங்க சார்?"

அவர் பேனாவை மூடித் திறந்தார். "சோதனைகள்லேருந்துதான். அதுதான் சர்க்கார் சீல் வச்ச பதிவு. பாதையில இருக்கறது நிச்சயமா மனுஷன்னு உத்தரவாதம் இருக்கறது அதுல மட்டும்தான்."

இசக்கி திரையிலிருந்து விரலை எடுத்தாள்.

"அஞ்சு வருசமா நாங்க நின்னு நின்னு, மனுசன்னா நிக்கறவன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம்" என்றாள் இசக்கி.

"மேடம், இது உங்க ஊகம்."

"வடக்கு யார்டுல போன வருசம் ஒரு லாரி கிளீனர் செத்தானே. மாசானமுத்து. அவன் எப்படிக் கெடந்தான்னு போட்டோ பாத்தீங்களா? நான் பாத்தேன். ரெண்டு முட்டியும் மடங்கி, பக்கத்துல டிபன் பாக்ஸ். ஓய்வு நேரத்துல தடை பண்ண பாதையில ஜாக்கெட் இல்லாம இருந்தான், அவன் அஜாக்கிரதைன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அந்த யார்டுக்குக் கையெழுத்துப் போட்டது நான். ரிப்போர்ட்டப் படிச்சுட்டு, நம்ம மேல தப்பில்லன்னு நிம்மதியாச் சோறு தின்னேன்."

பத்ரிநாத் பேனாவைக் கீழே வைத்தார்.

"திங்கக்கிழமை ஒங்க யார்டுக்குள்ள எத்தன பேரு வருவாங்க?"

"அறுநூறு."

"மத்தியானம் ஒரு மணிக்கு அந்த அறுநூறு பேரும் எப்படி இருப்பாங்கன்னு நெனைக்கீங்க? நெஞ்ச நிமித்திக்கிட்டா?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் உங்களுக்கு எதிரி இல்ல. இத எழுதிக் கொடுங்க. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணச் சொல்றேன். நாலு மாசம் ஆகும். இப்போதைக்கு நின்னு கையெழுத்துப் போடுங்க."

"மாட்டேன். நாளைக்கு முழு எட்டு மணி நேரம் மறுபடி வாரேன். உக்காருவேன்."

"பாரம்..."

"பாரம் ஒங்க கம்பெனி அடிச்சது. விதியில பாதையில இருக்கணும்னுதான் இருக்கு. ஜாக்கெட் போட்டுக்கிடுதேன். அதுக்கு மேல துண்டு போடுவேன். நாப்பத்திரண்டு டிகிரில ஒங்க யார்டுல துண்டு போடாத ஆளக் காட்டுங்க, எடுத்துருதேன்."

"தோல்வின்னு வந்தா இந்த யார்டு திறக்காது. அதுக்கப்புறம் எந்த யார்டும் உங்களக் கூப்பிடாது. தெரியுமில்ல?"

"தெரியும்" என்று எழுந்தாள். குதிகால் இன்னும் வலித்தது.

*

வெளியே தடுப்போரம் அண்ணாச்சி நடையை நிறுத்தினார்.

"கோடு தாண்டுற வரைக்கும் நான் அமுக்கக் கூடாது. அப்படித்தான?"

"ஆமா."

"தாண்டுனதுக்கப்புறம் அது நிக்க எவ்வளவு தூரம் வேணும்?"

"மூணு மீட்டர்."

"அப்ப ரெண்டு மீட்டர்தான் மிச்சம்."

"முக்கா செகண்ட் அண்ணாச்சி. போதும்."

"என்னத்தப் போதும். என் விரலு கெழட்டு விரலு பிள்ள. நான் உக்காருதேன். நீ சுவிட்சப் புடி."

"எங்க, குந்துங்க பாப்போம்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முயன்றார். இருபத்தெட்டு வருஷச் சுமை இறங்கிய முழங்கால்கள் பாதியோடு நின்றுவிட்டன. தடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே அந்தரத்தில் நின்றார்.

"மேலயும் போவல, கீழயும் போவல" என்றார். இசக்கி சிரித்துக்கொண்டே கைகொடுத்துத் தூக்கினாள். அவரும் சிரித்தார். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை கட்டைவிரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே வந்தார்.

*

மறுநாள் ஆறு மணிக்கு இசக்கி பதினான்காம் பாதைக்கு வந்ததும் குந்தி உட்கார்ந்தாள். மஞ்சள் ஜாக்கெட், தலைமேல் துண்டு, பக்கத்தில் டிபன் பாக்ஸ். பத்ரிநாத் தடுப்புக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சோதனையைப் பதிவு செய்யும் பெட்டியில் சர்க்கார் சீல் உடையாமல் இருப்பதை அவரே காட்டினார்.

முதல் கொக்கு வந்தது. பன்னிரண்டில் வேகம் குறைந்தது. எட்டில் நின்றது. பின்வாங்கிப் போனது.

இரண்டாவதும் நின்றது. மூன்றாவதும்.

ஒன்பது மணிக்குள் நாற்பத்தைந்து முறை வந்துவிட்டது. அவள் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாள். காலை நீட்டி உட்கார்ந்தாள். துண்டை இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள். அத்தனைக்கும் கொக்கு எட்டு மீட்டரில் நின்று, பணிவாகப் பின்வாங்கியது.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் பத்ரிநாத். குரலில் ஏளனம் இல்லை, ஆறுதல்தான் இருந்தது. "நேத்தும் நின்னிருக்கும்."

அவர் டீ குடிக்கப் போன பிறகு அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். "பிள்ள, நேத்து நாந்தான் பயந்துட்டனோ?"

"வேகம் கொறஞ்சுதா, கொறையலையா? அதச் சொல்லுங்க."

"கொறையல."

"அப்ப நீங்க பயப்படல. சரியாத்தான் பாத்திருக்கிய."

சொல்லிவிட்டாளே தவிர, பதினோரு மணிக்கு அவளுக்கே சந்தேகம் வந்தது. ஒரு தடவை வந்து மறுபடி வராத தப்புதான் டெஸ்டரின் சாபம். பிடித்துக் காட்டாதவரை அது இல்லாதது. லாக்கில் ஒரு வரி தொண்ணூற்றொன்று என்கிறது; எழுபதுக்கு மேற்பட்ட வரிகள் இல்லை என்கின்றன. அவள் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். பாதை அதேதான். ஜாக்கெட், துண்டு எல்லாம் அதேதான். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, அது இன்னும் கொஞ்ச நேரத்தில் நேற்றைய உச்சிக்கு வந்துவிடும். உட்கார்ந்திருப்பவளும் அவளேதான். வேறென்ன?

கொக்கு இன்னொன்று வந்தது. அவள் அதன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நின்றது.

அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து ஒரு தடவைகூட அவள் அதைப் பார்க்காமல் இருக்கவில்லை. பயத்தில் முகம் தானாக அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நேற்று அவள் பார்க்கவில்லை. மாசானமுத்துவும் பார்த்திருக்க மாட்டான். பயந்தவள்தான் வண்டியைப் பார்க்கிறாள். வேலை செய்து களைத்தவன் சோற்றைப் பார்க்கிறான்.

பன்னிரண்டரைக்கு அவள் திரும்பி, கொக்கு வருகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டாள். டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"ஏ இசக்கி, என்ன செய்த?"

"சாப்புடப் போறேன்."

"அந்தப் பக்கம் திரும்பிட்டா ஒனக்கு எப்படித் தெரியும்? சரி, நான் சொல்லுதேன். வந்ததும் சொல்லுதேன்."

"சொல்லாதிய அண்ணாச்சி. சொன்னா திரும்பிருவேன். கண்ண அந்தக் கோட்டுலயே வச்சிருங்க. தாண்டுனா அமுக்குங்க. தாண்டலன்னா அமுக்காதிய. எனக்காக முன்னால அமுக்குனா நாளைக்கு மறுபடி இங்க வந்துதான் உக்காருவேன், பாத்துக்கிடுங்க."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்து தடுப்பில் சாய்ந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

புளிச்சோறும் தேங்காய்த் துவையலும். முதல் கவளம் வாய்க்குள் மண்ணாக இருந்தது. இரண்டாவது கவளத்தில் பசி தெரிந்தது. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. நன்றாகக் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, தின்பதற்கு வேண்டியபடியே தின்றாள்.

தரை முதலில் சொன்னது. உப்பளத்தின்மேல் போட்ட மண் இன்னும் முழுதாக இறுகவில்லை. பாரம் வந்தால் உள்ளங்காலில் அதிரும். அதிர்வு வளர்ந்தது. வேகம் குறைகிறபோது அந்த அதிர்வில் ஒரு தளர்ச்சி வரும் என்று காலையிலிருந்து அவள் கால் கற்று வைத்திருந்தது. அந்தத் தளர்ச்சிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கழுத்து திரும்பத் துடித்தது. அவள் மூன்றாவது கவளத்தை உருட்டினாள். மாசானமுத்துவுக்கு இந்த இடத்தில் தெரிந்திருக்குமா? லாரிகள் ஓடுகிற யார்டில் தரை எப்போதும் அதிர்ந்துகொண்டுதான் இருக்கும். ஓய்வு கிடைத்தவன் தரையைக் கேட்டுக்கொண்டா சாப்பிடுவான்?

பத்ரிநாத் "ஐயா" என்று கூவுவது கேட்டது. "ஐயா, அமுக்குங்க."

அண்ணாச்சி அமுக்கவில்லை.

"அமுக்குங்கய்யா."

சைரன் அலறியது.

இரும்பு கிறீச்சிட்டது. முதுகில் சூடான காற்று மோதியது. அவள் மேல் நிழல் விழுந்தது. உச்சி வெயிலில் அந்தப் பாதையில் விழுந்த முதல் நிழல் அதுதான். டிபன் பாக்ஸ் மூடி தானாக நகர்ந்து அவள் பாதத்தில் இடித்தது.

இசக்கி வாயிலிருந்ததை விழுங்கினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். சக்கரம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் நின்றிருந்தது. சிவப்புக் கோடு அதற்கு வெகு பின்னால் இருந்தது.

எழுந்து தடுப்புக்குப் போனாள். அண்ணாச்சி சுவிட்சைப் பிடித்தபடியே நின்றார். விரல்கள் விறைத்துப்போய்த் திறக்கவில்லை. அவள் கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள்.

"தாண்டுன பொறவுதான் அமுக்குனேன்" என்றார். "பாத்துக்கோ. தாண்டுன பொறவுதான்."

"பாத்தேன் அண்ணாச்சி."

"நீ எங்க பாத்த. நீ தின்னுக்கிட்டிருந்த."

*

அறையில் பத்ரிநாத் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை காயவில்லை. தோல்வி என்ற பதிவு பெட்டியிலிருந்து நேராகச் சர்க்காருக்குப் போய்விட்டது. அதை இனி யாரும் திரும்ப இழுக்க முடியாது. திங்கட்கிழமை யார்டு திறக்காது.

"இத நான் உங்களுக்குக் காட்டணும்னு கட்டாயம் இல்ல" என்றார். "ஆனா காட்றேன்."

காலை முழுக்க அவளுக்காகக் கொக்கு நின்ற நூறு முறைகளின் லாக் அது. ஒவ்வொரு வரியிலும் மனிதர் என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில், எதை வைத்து அப்படி முடிவு செய்தது என்ற கட்டம். சாதாரணமாக யாரும் திறந்து பார்க்காத கட்டம். அவர் திறந்து வைத்திருந்தார்.

எல்லா வரியிலும் ஒரே விடை. ஒப்பீடு: நிற்பவர் எண் 17.

அது இசக்கியின் எண்.

"நாப்பத்தஞ்சு பேர் முகத்தையே திரும்பத் திரும்பப் பாத்திருக்கு" என்றார். "அதுல அதிக நேரம் உங்களுது. நீங்க உட்கார்ந்தாலும் படுத்தாலும் முகம் தெரிஞ்சா நிக்கும். உங்களுக்காக நிக்கும்."

இசக்கி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு யார்டுகளில் நிமிர்ந்து நின்று, எந்திரம் தன்முன்னால் பணிந்து பின்வாங்குவதைப் பார்த்து, இது மனுசனுக்கு நிற்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அது இவளுக்கு நின்றிருக்கிறது. முகம் மறைந்தால் இவளும் சாக்கு.

"ரிப்போர்ட் பாரத்தக் குடுங்க" என்றாள்.

ஒரு மணி நேரம் எழுதினாள். பாதை, மணி, தூரம், திசை, துண்டு, டிபன் பாக்ஸ், எதையும் விடவில்லை. கடைசியில் பிற குறிப்புகள் என்றிருந்த இடத்தில், தான் கையெழுத்திட்ட ஆறு யார்டுகளின் பெயரையும் தேதியையும் வரிசையாக எழுதினாள். அதன்கீழே, 'இந்த ஆறிலும் நான் உட்கார்ந்து சோதிக்கவில்லை. என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்ரிநாத் படித்தார். "ஒரு யார்டுக்கு மட்டும் எழுதினா போதும் மேடம். ஆறையும் எழுதினா நீங்க இந்தத் தொழில்லயே இருக்க முடியாது."

"நிக்கறதுக்குத்தான சார் கூப்பிட மாட்டாங்க" என்றாள். "உக்காரப் போறதுக்கு யாரும் கூப்பிட வேண்டாம். கையெழுத்த வாபஸ் வாங்குனவ மறுசோதனைக்குப் போகலாம்னு விதியில இருக்கு."

அவர் பாரத்தை வாங்கி முத்திரை குத்தினார். அவள் கேட்காமலே ஒரு நகலும் எடுத்துக் கொடுத்தார்.

கேட்டுக்கு வெளியே, லாரிகள் வரிசையாக நின்றன. திங்கட்கிழமைக்காக முன்கூட்டியே வந்து கிடப்பவை. ஒவ்வொரு லாரியின் நிழலிலும் இரண்டு பேர், மூன்று பேர், துண்டைத் தலையில் போட்டுக் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அண்ணாச்சி கட்டைவிரலை நீவிக்கொண்டே நடந்தார். "அடுத்து எங்க பிள்ள?"

"வடக்கு யார்டு. பதினோராம் பாதை. அவன் செத்த எடம்."

"அங்க விடுவானுவளா?"

"கேட்டுல போய் நிப்போம். விடுத வரைக்கும் நிப்போம். நிக்கத்தான் நமக்கு நல்லாத் தெரியுமே."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அவனுக்குப் பொண்டாட்டி இருக்காள்லா?"

"வேலம்மா. வெளாத்திகுளம் பக்கம். ஒம் புருசன் அஜாக்கிரதையாலதான் செத்தான்னு அவகிட்ட ரிப்போர்ட்டக் குடுத்து ஒப்பம் வாங்கியிருக்காங்க. அதுக்கு மேல வச்சுத் தச்சிருந்தது, யார்டு சரின்னு நான் போட்ட கையெழுத்து." இசக்கி வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். "அவளப் போய்ப் பாக்கணும். ஆனா வெறுங்கையோட போய் என்னத்தச் சொல்ல? மொதல்ல அவன் உக்காந்த எடத்துல உக்காந்து, தப்பு அவனுதில்லன்னு பதிவு வாங்கணும்."

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. அவள் குந்தி உட்கார்ந்து குதிகாலை அமுக்கினாள். அண்ணாச்சி பக்கத்தில் நின்றார்.

"மாசானமுத்துவுக்கு நான் ஒரு மத்தியானம் பாக்கி வச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றாள். "அத இன்னும் குடுக்கல."